தோட்டத்து வீட்டில் நான் போட்ட பந்தல்

எனக்கு வைத்த வழியனுப்பு விழாவில் என்னைப் பேசச் சொன்னீர்கள். மைக்கைக் கையில் வாங்கியதும் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "எல்லாரும் நல்லா இருங்கப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பிரியாணி ஆறிவிடுமே என்ற கவலையில் நீங்களும் என்னை வற்புறுத்தவில்லை. அன்று சொல்ல நினைத்ததை இப்போது எழுதுகிறேன். வில்லா மராமத்து வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகள் படிக்க வேண்டும். சைட் இன்ஜினியராக இப்போது பெண் பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

டைல்ஸ் ஒட்டுவது, மொட்டைமாடியில் நீர்க்கசிவை அடைப்பது பற்றியெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாவிட்டால் போனில் பார்த்துக்கொள்வீர்கள். என் முட்டாள்தனம் ஒன்றைத்தான் எழுதப் போகிறேன். அது போனில் கிடைக்காது.

வளைகுடாவில் காட்டுத்தீ என்றால் சிரிப்பீர்கள். மணலும் பாறையும் எங்கே எரியும் என்று நானும் நினைத்தவன்தான். ஆனால் புஜைரா டவுனை விட்டு மலைப்பக்கம் உள்ளே போனால் பேரீச்சந்தோட்டங்கள் இருக்கின்றன. கிணறு உப்பாகிப் போய், கவனிக்க ஆளில்லாமல், காய்ந்த மட்டையோடு நிற்கும் தோட்டங்களும் இருக்கின்றன. காய்ந்த பேரீச்சை மரத்தில் அடியிலிருந்து உச்சி வரைக்கும் நாரும் ஓலையும்தான். ஒரு பொறி பட்டால் போதும். அப்படி ஒரு தோட்டத்துக்குப் பக்கத்தில்தான் எங்களுக்கு வேலை வந்தது.

வீட்டுக்காரர் துறைமுகத்தில் இழுவைக் கப்பல் ஓட்டி ஓய்வு பெற்றவர். நாங்கள் எல்லோரும் அவரை அர்பாப், அதாவது முதலாளி என்று கூப்பிடுவோம். அப்படிக் கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது, கேப்டன் என்று சொன்னால்தான் முகம் மலரும். இடுப்பில் அறுவைசிகிச்சை முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. மகள் டவுனில் இருக்கிறாள், அங்கே போய் இருங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். கேட்கவில்லை. "நான் கப்பலை விட்டு இறங்கினதே போதும், வீட்டை விட்டும் இறங்கணுமா?" என்றார். ஆகவே முன்னறையை முதலில் முடித்துக் கொடுத்தோம். அவர் அதில் இருக்க, சுற்றிலும் எங்கள் உடைப்பும் பூச்சும் நடந்தன. என் கையில் அளவெடுக்கும் டேப் இருந்ததால் என்னை முஹந்திஸ் என்றுதான் கூப்பிடுவார். நான் எட்டாம் வகுப்பு என்று எத்தனை தடவை சொன்னாலும் இன்ஜினியர் பட்டத்தை அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

அந்த வீடு மலையடிவாரத்தில் இருந்தது. பின்பக்கம் நெட்டுக்குத்தாகப் பாறைச் சரிவு. சரிவின் மேலே தண்ணீர்த் தொட்டி. மேற்கே கேப்டனின் தோட்டம், அதையொட்டி நான் சொன்ன காய்ந்த தோட்டம். வெளியே போக ஒரே ஒரு வண்டிப்பாதை. அதுவும் அந்தக் காய்ந்த மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும்.

தோட்டத்து மோட்டாரையும் தொட்டியையும் பார்த்துக்கொண்டவர் ஒரு பட்டாணியர். ஏறக்குறைய என் வயதுதான். அங்கே எல்லாப் பட்டாணியரும் கான் பாய்தான், இவரும் கான் பாய். அதிகம் பேசமாட்டார். தினமும் காலையில் வீட்டைச் சுற்றி விழுந்த ஓலையையும் நாரையும் வாரி, தூரத்தில் கொண்டுபோய்க் குவிப்பார். வீட்டுச் சுவரிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி வரைக்கும் ஒரு துரும்பு இருக்காது. எனக்கு அது ஒரு கிறுக்குத்தனமாகத் தெரிந்தது.

இப்போது என் பெருமைக்கு வருகிறேன். ஜூன் பாதியானதும் மதிய வேலைத் தடை வந்துவிடும். பன்னிரண்டரைக்கு மேல் மூன்று மணி வரை வெயிலில் வேலை செய்யக் கூடாது என்பது சட்டம். நான் போர்மேன், எனக்குக் கீழே ஆறு பேர். ஒதுங்க நிழல் இல்லை. உடைத்த அறைகளுக்குள் அனல். அப்போதுதான் கான் பாய் குவித்து வைத்திருந்த மட்டைகள் என் கண்ணில் பட்டன. பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரன் கண்ணில் ஓலை பட்டால் அவனுக்கு வேறு என்ன தோன்றும்? ரெண்டே நாளில் மேற்குச் சுவரோடு சேர்த்து நல்ல பந்தல் ஒன்று போட்டுவிட்டேன். சாரத்துக் குழாய் கால்கள், சுவரில் நான்கு கொக்கி, மேலே மூன்று அடுக்கு மட்டை. ஒவ்வொரு கட்டும் இரட்டைக் கட்டுக்கம்பி, குறடால் முறுக்கி முறுக்கி. மலைக்காற்று எவ்வளவு அடித்தாலும் அசையாது.

எங்கள் கொத்தனார் செல்வம், ராமநாதபுரத்துப் பையன், உள்ளே வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "அண்ணே, வாழைமரம் மட்டுந்தான் பாக்கி. யாருக்குக் கல்யாணம்?" என்றான். கேப்டனும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்து பால் விடாத சுலைமானி டீ குடித்தார். நான்கு நாளில் ஆட்கள் உட்கார்ந்து பேசும் மஜ்லிஸே என் பந்தலுக்கு மாறிவிட்டது. எனக்குத் தலை கால் புரியவில்லை.

கான் பாய் மட்டும் வந்து நின்று பார்த்தார். அவர் பேசியது இந்தி. எனக்குப் புரிந்தபடி தமிழில் எழுதுகிறேன்.

"போர்மேன் பாய், ஒரு வருஷமா நான் வீட்டை விட்டுத் தள்ளித் தள்ளிப் போட்டதை, நீ ரெண்டு நாள்ல வீட்டோட கட்டிட்டியே."

"கான் பாய், எங்க ஊர்ல இதுக்கு அடியிலதான் கல்யாணமே நடக்கும்."

"நடக்கட்டும். வீட்டை விட்டுத் தள்ளி நடக்கட்டும்."

நான் சிரித்து மழுப்பிவிட்டேன். ரெண்டாம் முறை வந்தபோது அவர் பேசவில்லை. பேரீச்சை நார் ஒரு பிடி கொண்டுவந்தார். வெட்டவெளியில் நின்று அதைக் கொளுத்தி மேலே எறிந்தார். காற்று அதைத் தூக்கிக்கொண்டு வந்து, கனன்றபடியே சுவரோரம் போட்டது. கான் பாய் நடந்து வந்து அதைச் செருப்பால் மிதித்து அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

எனக்கு வந்ததே கோபம். ஆறு பேர் முன்னால் கத்தினேன். "என் சைட்ல தீயை வச்சு விளையாடுறியா? இது என் சைட். உன் வேலை மோட்டார். போய் மோட்டாரைப் பாரு!"

அவர் திரும்பிச் சரிவேறித் தொட்டியடிக்குப் போய்விட்டார். அதன் பிறகு எங்கள் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார். தொல்லை விட்டது என்றுதான் நினைத்தேன். தம்பிகளே, சைட்டில் ஒருவர் உங்களிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டால் அதைப் போல ஆபத்து வேறில்லை. இதை நான் கற்றுக்கொண்டது ரெண்டு வாரம் கழித்து, ஒரு மதிய இடைவேளையில்.

சாப்பிட்டுவிட்டு எல்லோரும் பந்தலில் படுத்திருந்தோம். கேப்டன் உள்ளே ஏசியில் இருந்தார். அவருடைய டிரைவர் மருந்து வாங்கக் காரில் டவுனுக்குப் போயிருந்தார். எங்கள் பிக்கப் வண்டி மட்டும் முற்றத்தில் நின்றது. செல்வம்தான் முதலில் எழுந்தான். "அண்ணே, ஏதோ கருகுற வாடை." எழுந்து பார்த்தால் காய்ந்த தோட்டத்துக்கு மேலே புகை. எப்படிப் பற்றியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மரம் அடியிலிருந்து உச்சிக்குச் சரசரவென்று பற்றி ஏறியது. காற்று எங்களை நோக்கி அடித்தது. கரெண்ட் போனது. தீயணைப்புக்குப் போன் செய்தோம், புறப்பட்டுவிட்டோம் என்றார்கள். மலைப்பாதையில் அவர்கள் வந்து சேரும் நேரம் எங்களுக்குத் தெரியும்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. ஓடு. "யல்லா, எல்லாரும் பிக்கப்ல ஏறுங்க! அர்பாபைத் தூக்குங்க!" என்று கத்தினேன். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. போர்மேன் சொன்னால் சொன்னதுதான். நாலு பேர் கேப்டனை நாற்காலியோடு தூக்கி வந்து முன்சீட்டில் உட்காரவைத்தார்கள். அவர் வலியில் பல்லைக் கடித்தார். மற்றவர்கள் பின்னால் ஏறினார்கள். நான் வண்டியை ஸ்டார்ட் பண்ணினேன்.

அப்போது மலைச்சரிவிலிருந்து கான் பாய் ஓடி வந்தார். மேலே தொட்டியடியில் இருந்திருக்கிறார். நேராக வந்து, ஜன்னல் வழியாகக் கையை விட்டு, வண்டியை அணைத்துச் சாவியை உருவிக்கொண்டார்.

"எங்கே போறே?"

"சாவியைக் குடு!"

"அந்தப் பாதையிலா? ரெண்டு பக்கமும் அந்த மரந்தான் நிக்குது. கொஞ்சம் பாரு பாய்."

அவரை அடிக்கக் கையை ஓங்கிவிட்டேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். கேப்டன் என் கையைப் பிடித்து, "முஹந்திஸ், பார்" என்றார். பாதையின் வாய் புகையில் கறுப்பாக இருந்தது. அந்தக் கறுப்புக்குள் எரிகிற மரம் ஒன்று பாதைக்குக் குறுக்கே சாய்ந்தது. ஒரு நிமிடம் முன்னால் புறப்பட்டிருந்தால் நாங்கள் அதற்கு அடியில் இருந்திருப்போம்.

"மேலே தூக்கிட்டுப் போயிடலாமா?" என்றேன்.

"புகை மேல்நோக்கித்தான் வரும். தனி ஆள் ஓடி மலையைத் தாண்டிடலாம். இவரைத் தூக்கிக்கிட்டு ஏற முடியாது. உள்ளே போங்க. இந்த வீடு கல்லும் சிமென்டும், எரியாது. நீ வச்சதுதான் எரியும்."

நான் வைத்தது என் பந்தல். சுவரோடு சேர்த்து, மூன்று அடுக்குக் காய்ந்த மட்டை. அதையொட்டியே பழைய ஜன்னல் ஏசிகளைக் கழற்றிய ஓட்டைகள் இருந்தன. அவற்றைத் தெர்மோகோலும் பலகையும் வைத்துத் தற்காலிகமாகத்தான் அடைத்திருந்தோம். பந்தல் பற்றினால் தீ அந்த ஓட்டைகள் வழியாக நேரே வீட்டுக்குள் போகும். நடக்க முடியாத ஒரு மனிதர் அந்த வீட்டுக்குள் இருக்கப் போகிறார்.

அதற்கு மேல் நான் உத்தரவு போடவில்லை. கான் பாய் சொன்னார், நான் தமிழில் திரும்பச் சொன்னேன். ரெண்டு பேர் கேப்டனை நடு அறைக்குக் கொண்டுபோனார்கள். செல்வமும் இன்னொருவனும் தெர்மோகோலைப் பிடுங்கிப்போட்டுவிட்டு ஓட்டைகளில் சிமென்ட் போர்டு வைத்து, கான்கிரீட்டுக்கு ஈரம் காக்க வைத்திருந்த சாக்குகளை நனைத்துத் திணித்தார்கள். கரெண்ட் இல்லாவிட்டாலும் மேலே தொட்டி இருந்ததால் குழாயில் தண்ணீர் வந்தது. தொட்டியின் வால்வைத் திறந்துவிட்டுத்தான் கான் பாய் இறங்கி வந்திருந்தார்.

மிச்சம் இருந்தது பந்தல். குறடு ரெண்டுதான். கட்டுக்கம்பியோ நான் முறுக்கிய முறுக்கு. ஒன்றை வெட்டினால் பக்கத்தில் இன்னொன்று. என் கைத்திறமையை நானே திட்டிக்கொண்டு வெட்டினேன். பொறிகள் முற்றத்தில் விழ ஆரம்பித்தன. கான் பாய் சாவியை என்னிடம் நீட்டினார். "வெட்டி முடியாது. கட்டி இழு." பந்தல் கால்களில் கயிற்றைக் கட்டி வண்டியில் மாட்டி இழுத்தேன். கொக்கிகள் சுவரைப் பெயர்த்துக்கொண்டு வந்தன. "அண்ணே, என் பூச்சு!" என்று செல்வம் அலறினான். உயிர் போகிற நேரத்திலும் கொத்தனாருக்குத் தன் பூச்சுதான். இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

முற்றத்தின் கடைசி வரைக்கும் இழுத்துக்கொண்டு போனேன். கண்ணாடியில் பார்த்தால் பந்தல் பின்னால் எரிந்துகொண்டு வருகிறது. வண்டியை அப்படியே விட்டுவிட்டுக் குதித்து ஓடி வந்தேன். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தபோது வண்டியும் பற்றிவிட்டது. சுவரோடு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த வெளிச்சமே சொன்னது.

உள்ளே கேப்டன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "கதவைச் சாத்தாதே. எண்ணு" என்றார். கப்பலில் அப்படித்தானாம், ஆள் எண்ணாமல் எந்தக் கதவையும் சாத்தக் கூடாது. எண்ணினேன். எட்டு. "நாம் ஒன்பது பேர்" என்றார் கேப்டன். கான் பாய் இல்லை. வெளியே ஓடினேன். மேற்குச் சுவரோரம் நின்று, கையில் குழாயோடு, சாக்குகளுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். தாடி ஒரு பக்கம் பொசுங்கியிருந்தது. போதும், கலாஸ் என்று கத்தினேன். காதில் வாங்கவில்லை. சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அந்த மனிதருக்காக அன்று நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை அதுதான்.

பிறகு கதவைச் சாத்திவிட்டு இருந்தோம். ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு, நெருப்பு கடந்து போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்தோம். சாக்குகளிலிருந்து ஆவி வந்தது. ஜன்னல் கண்ணாடி ரெண்டு வெடித்தது. செல்வம் தன் மகளின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னான். கேப்டன் அவன் தலையில் கை வைத்திருந்தார். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. தீயணைப்பு வண்டியின் சைரன் கேட்டபோது ஒன்பது பேரும் உயிரோடு இருந்தோம். வீட்டுக்குள் ஒரு திரைச்சீலைகூடக் கருகவில்லை.

மறுநாள் ஆபீசில் விசாரித்தார்கள். பந்தல் போட்டது நான், கான் பாய் ரெண்டு முறை எச்சரித்தார், நான் அவரைத் திட்டி அனுப்பினேன் என்று உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தேன். வேலை போகும் என்று பெட்டிகூடக் கட்டிவிட்டேன். கேப்டன் போன் செய்து, அந்தப் பந்தலில் உட்கார்ந்து தினமும் டீ குடித்தவன் நான், என்னையும் வேலையை விட்டு நீக்குங்கள் என்றாராம். ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டார்கள். அந்த வீட்டை நானே முடித்துக் கொடுத்தேன். சுவரைச் சுற்றிப் பன்னிரண்டு அடிக்குச் சல்லி பரப்பினோம், காற்றுத் துவாரங்களுக்கெல்லாம் நெருக்கமான கம்பி வலை போட்டோம். எது எங்கே வர வேண்டும் என்று கான் பாய்தான் காலால் கோடு போட்டுக் காட்டினார்.

அதற்குப் பிறகு எத்தனையோ தோட்டத்து வீடுகள் செய்துவிட்டேன். எந்தச் சைட்டுக்குப் போனாலும் முதலில் வரைபடத்தை விரிக்கமாட்டேன். அங்கே தினமும் கூட்டிப் பெருக்குகிறவர் யார் என்று கேட்பேன். அவரோடு வீட்டைச் சுற்றி ஒரு நடை நடப்பேன். காற்று எந்தப் பக்கம், குப்பை எங்கே சேரும், எங்கே வண்டி திரும்பாது, எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். கேட்டால்தான் சொல்வார். நீங்களும் கேளுங்கள். கேட்ட பிறகு திட்டாதீர்கள்.

நான் முழு உடம்போடு ஓய்வு பெற்று வந்து, இதை உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால் அதற்கு அந்த மனிதர்தான் காரணம். செல்வத்தின் மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அதற்கும் அவர்தான் காரணம். இதை அவரிடம் நேரில் சொல்லத்தான் அந்த வேலை முடிந்த நாளில் சரிவேறித் தொட்டியடிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்பது போலக் கையை அசைத்துவிட்டு டீ ஊற்றிக் கொடுத்தார்.

எனக்கு ஒன்று மட்டும் கேட்க வேண்டியிருந்தது. "கான் பாய், நீ அன்னிக்கு மேலே பத்திரமாத்தான் இருந்தே. மலையைத் தாண்டிப் போயிருக்கலாம். நான் உன்னை அத்தனை பேர் முன்னால அசிங்கப்படுத்தினவன். ஏன் இறங்கி வந்தே?"

அவர் என் டம்ளரில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினார். என்னைப் புண்படுத்தாமல் சொல்ல வழி தேடுகிறார் என்று தெரிந்தது.

"உன் ஆளுங்களை இங்கே இருந்து பார்த்துட்டேதான் இருப்பேன், போர்மேன் பாய். நல்ல பசங்க. நீ என்ன சொன்னாலும் உடனே செய்வாங்க." டீயை ஒரு வாய் குடித்தார். "அன்னிக்கு நீ வண்டியில ஏறச் சொன்னே. ஆறு பேரும் ஏறிட்டாங்க. அதைப் பார்த்துத்தான் ஓடி வந்தேன்."